ஏசியை மாற்றும் முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள்

சித்திரை பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. தர்மபுரி, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் என்று எங்கிருந்து போன் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "சார், ஏசி பத்த மாட்டேங்குது. ரெண்டு டன்னா மாத்திடலாங்களா?" ஏசிக் கடையில் கேட்க வேண்டியதைக் கட்டடப் பொறியாளரான என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றலாம். கேட்க வேண்டிய இடம் இதுதான். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கோளாறு ஏசியில் இல்லை, கூரையில் இருந்தது.

போன வாரம் பென்னாகரம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. முதலில் ஒரு டன் போட்டார்கள், பிறகு ஒன்றரை டன், இப்போது இரண்டு டன்னுக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறார்கள். பில் எகிறுகிறது என்று சோலாருக்கும் ஆள் பேசியாகிவிட்டது. மேலே ஏறிப் பார்த்தேன். ஒழுகலை நிறுத்துவதற்காகத் தளம் முழுக்கக் கரும்பச்சையில் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். மேற்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல். எலிவேஷன் (வீட்டின் முகப்புத் தோற்றம்) கெடுகிறது என்று சன்சேடு வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ஏசியின் வெளி யூனிட் மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய மூலையில் உட்கார்ந்து, தான் தள்ளிய சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து அந்த மெஷின் என்னதான் செய்யும்?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெயில் அடிக்கும்போதுதான் வீடு சூடாகும், பொழுது சாய்ந்தால் தணிந்துவிடும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கான்கிரீட் அப்படி நடந்துகொள்ளாது. உச்சி வெயிலில் அடர்நிறத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி வரைகூடப் போகும். அந்தச் சூடு ஐந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து கீழே இறங்கப் பல மணி நேரம் ஆகும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி, சூரியன் போன பிறகும் கூரை உங்கள் தலைமேல் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் படுக்கப் போகும் நேரத்திலும் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏசி இழுக்க இழுக்க மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். இரண்டு டன் போட்டால் இரண்டு டன் அளவுக்கு மின்சாரம் செலவழித்து அதே கூரையோடு மல்லுக்கட்டுவீர்கள், அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லையா? இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு (தயவுசெய்து நிறுத்திவிட்டு) ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு கீழ்த்தளத்து அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். எனக்கு ஃபீஸ் தர வேண்டியதே இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இன்னொன்று. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காத இராக்காற்று நமக்குக் கிடைக்கிறது. வெளியே அது வீசும்போது எல்லா ஜன்னலையும் சாத்தி, உள்ளே 18-ல் ஏசியை ஓட்டுகிறோம். 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் தவறு. எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எவ்வளவு வேகமாக என்பதை அல்ல. 2020 ஜனவரியிலிருந்து இங்கே விற்கும் ஏசிகள் ஸ்விட்ச் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 24-ல் விட்டு, கூடவே ஃபேனைப் போடுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளுக்கு ஏசியே தேவைப்படாது.

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். வீட்டுக் கூரை சோலாருக்காக 2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மூன்றுக்கு மேல் போடும் ஒவ்வொரு கிலோவாட்டும் உங்கள் முழுக் காசு. வீணாகும் கரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு ஐந்து கிலோவாட் போட்டு விடாதீர்கள். முதலில் செலவைக் குறையுங்கள், பிறகு பேனலை எண்ணுங்கள். பழைய ஃபேன் எழுபது, எண்பது வாட் தின்னும், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனுக்கு முப்பது சொச்சம் போதும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பதால், அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதே பெரிய சம்பாத்தியம்.

கூரைக்கு என்ன செய்வது? தை, மாசியிலேயே தளத்தைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். வசதி இல்லையென்றால் சுண்ணாம்பு போதும், மழையில் கரையும், அடுத்த கோடைக்குத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். தூசி படிந்தால் வெள்ளையின் பலன் போய்விடும், கழுவிவிடுங்கள். சாயங்காலம் மோட்டார் போட்டுத் தளத்தில் தண்ணீர் பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ஆயிரம் அடிக்குக் கீழே போய் போர்வெல்லில் தண்ணீர் தேடும் மாவட்டத்தில் அதை எந்த நியாயத்தில் செய்கிறோம்? மாடியில் தகர ஷெட் போடுபவர்கள் பக்கங்களைத் திறந்து விடுங்கள். அடைத்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் கூரைக்கும் ஷெட்டுக்கும் நடுவிலேயே தங்கிவிடும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: மேற்கில் மாடிப்படியோ பாத்ரூமோ வரட்டும், படுக்கையறை வேண்டாம். சன்சேடை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். சூடு கீழே இறங்காமலிருக்கத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் பழைய முறையை மேஸ்திரி "இப்ப யாருங்க அதெல்லாம் போடறாங்க" என்று தட்டிக்கழிப்பார். நீங்கள் விடாமல் கேளுங்கள். எலிவேஷன் கிரானைட்டில் மிச்சம் பிடித்தாலே அதற்குப் பணம் வந்துவிடும்.

மாடி அறையில் வயதானவர்களையோ கைக்குழந்தையையோ படுக்க வைத்திருக்கிறீர்கள் என்றால், சோலார், ஏசி எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த வாரமே ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கித் தளத்துக்கு அடித்துவிடுங்கள். அதுவரை அவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.