வறட்சி வந்தால் இரவில் மூச்சு விடும் கீரை

"நெல்லிலும் மக்காச்சோளத்திலும் வறட்சி தாங்கும் ரகங்கள் வருகின்றன. கீரையில் ஏன் அப்படி அதிகம் கேள்விப்படுவதில்லை?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

தானியப் பயிர் தண்ணீர் தட்டுப்பட்டால் கீழிலைகளைக் காயவிட்டு, பூத்து, கிடைத்த வரையில் மணி பிடித்துவிடலாம். கீரையில் இலைதான் விளைச்சல். அது இலையைச் சிறுக்க வைத்து, நாரேறி, அவசரமாகப் பூவெடுத்தால் செடி பிழைத்துக்கொள்ளும். பறிக்க ஒன்றும் இருக்காது. அதனால் கீரையில் செடி சாகாமல் நிற்பது மட்டும் போதாது. குறைந்த தண்ணீரிலும் இளம் இலை விட வேண்டும்.

சிக்கல் இலைத்துளைகளில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் அவற்றின் வழியாகத்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் துளைகளை மூடச் சொல்லும். மூடினால் தண்ணீர் மிச்சம். ஆனால் வளர்ச்சி நிற்கும்.

ஒரு வழி, வேரை ஆழமாக்குவது. சாலட் கீரையான லெட்யூஸின் காட்டு உறவுச் செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், இரண்டும் எளிதாகக் கலக்கும். கூடவே கசப்பும் முள்ளும் வந்துவிடுவதால், அவற்றைக் கழிக்கப் பல தலைமுறை பிற்கலப்பு (பயிர் ரகத்தோடே திரும்பத் திரும்பக் கலப்பது) செய்ய வேண்டியிருக்கும்.

என்னை மயக்குவது இன்னொரு வழி. தண்டுக்கீரையும் ஸ்பினாச்சும் ஒரே குடும்பம், ஆனால் தண்டுக்கீரை மட்டும் சி4 என்ற சிக்கனமான ஒளிச்சேர்க்கை முறை கொண்ட செடி. இலையிடைச் செல்களில் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அமிலமாக மாற்றி, நரம்பைச் சுற்றியுள்ள கற்றை உறைச் செல்களுக்கு அனுப்பி, அங்கே அடர்த்தியாக விடுவிக்கிறது. துளை பாதி மூடியிருந்தாலும் ஒளிச்சேர்க்கை ஓடும்.

பருப்புக்கீரை அதற்கும் ஒரு படி மேலே. தண்ணீர் இருக்கும்வரை அதுவும் சி4 தான். மண் காய்ந்ததும் கள்ளிச்செடியின் வித்தையைக் கையில் எடுக்கிறது: வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து, பிடித்த கார்பனை மாலிக் அமிலமாகச் செல்லுக்குள் சேர்த்து வைக்கிறது. இந்த இரண்டு முறைகளும் வேறு வேறு செல்களில் தனித்தனியாக நடக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். யேல் பல்கலைக்கழகக் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. இரண்டும் ஒரே செல்களில் நடக்கின்றன. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் அதே சி4 பாதையில் கற்றை உறைச் செல்களுக்குப் போகிறது. புதுப் பாதை எதுவும் போடவில்லை, இருக்கிற பாதைக்கே இரவு வேலை கொடுத்திருக்கிறது! மறுபடி தண்ணீர் விட்டால் பழைய முறைக்குத் திரும்பியும் விடுகிறது.

செடி இரவு முறைக்கு மாறிவிட்டதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி கூடத் தேவையில்லை. மாலையில் ஒரு இலை, விடியலில் ஒரு இலை பறித்து, அரைத்து, சாற்றில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளந்தால் (டைட்ரேஷன்) போதும். வாடிய செடியில் விடியல் இலைக்குப் புளிப்பு கூடியிருக்கும்.

இந்தத் திறனைக் கலப்பு செய்து ஸ்பினாச்சுக்குக் கொண்டுபோக முடியாது. இலையின் உள் அமைப்பே வேறு. பருப்புக்கீரையையே நல்ல பயிராக வளர்த்தெடுப்பதுதான் நடக்கக்கூடிய காரியம். அதுவும் லேசல்ல. பூ காலையில் சில மணி நேரமே விரியும், பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும், அதனால் கலப்பு செய்வது கடினம். ஆக்சாலிக் அமிலமும் அதிகம். தவிர, இரவில் சேரும் கார்பன் கொஞ்சம்தான். அது செடியைக் காப்பாற்றுமே தவிரக் கட்டுக் கட்டாக இலை தராது. ஆகவே காய்ந்தபோது தாக்குப்பிடிப்பதோடு, நனைந்ததும் சட்டென்று சி4க்குத் திரும்பித் தளிர் விடுகிற செடிகளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உலகின் பல இடங்களில் இதைக் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். ஆராய்ச்சிப் பணமோ பெரும்பாலும் தானியங்களுக்கே போகிறது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. பல நாட்டுப் பருப்புக்கீரை விதைகளைச் சேர்த்து, வரிசையாக விதைத்து, வாடவிட்டு நனைத்துப் பார்க்கும் வேலைக்கு ஆகும் செலவு, தானிய ஆராய்ச்சியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.