எதிர்ப்பொருள்

2021இல் திருவையாற்றுப் பெரியப்பா ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். "பாசிட்டிவ்னு போட்டிருக்கே தம்பி, திரும்பவும் வந்துடுச்சா?" சீட்டில் இருந்தது கொரோனா இல்லை, கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி. அதை அவருக்குத் தமிழில் சொல்லப்போய்த்தான் இந்தச் சொல்லிடம் மாட்டிக்கொண்டேன்.

நேராகப் பெயர்த்தால் 'எதிருடல்' என்று வரும். உடம்புக்கே எதிரி என்று அர்த்தம் தலைகீழாகிவிடும். 1891இல் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் ஜெர்மன் மொழியில் எழுதிய சொல் 'ஆன்டிகோர்ப்பர்'. கோர்ப்பர் என்றால் உடல்தான், ஆனால் இங்கே அதற்கு 'பொருள்', 'துகள்' என்றே அர்த்தம். நம் பாடநூல்களின் 'எதிர்ப்பொருள்' அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. 'பிறபொருளெதிரி' என்றும் ஒன்று உண்டு. துல்லியம்தான், பேசும்போது நாக்கு சுளுக்கும். 'எதிரணு' மட்டும் வேண்டாம். இது அணுவும் இல்லை, செல்லும் இல்லை. வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களிலிருந்து உருவாகும் செல்கள் சுரக்கிற புரதம். வடிவத்தில் உண்டிவில் கவட்டை. கவட்டையின் இரு நுனிகளும் வைரசின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதத்தைச் சரியான இடத்தில் கவ்விக்கொண்டால், அது நம் செல்லில் ஒட்ட முடியாது. எல்லா எதிர்ப்பொருளும் இப்படி மறிப்பதில்லை. மறிப்பவற்றை 'நடுநிலையாக்கும்' என்று எழுதுகிறார்கள். ஏதோ பஞ்சாயத்து பேச வந்ததுபோல. 'முடக்கும் எதிர்ப்பொருள்' போதாதா?

சரி, இம்யூனிட்டி? லத்தீனில் 'இம்யூனிஸ்' என்றால் வரி, கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவன். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட வரியில்லா நிலம் 'இறையிலி' ஆயிற்றே, கிட்டத்தட்ட அதே சொல்! அதற்காக உடம்பை இறையிலி ஆக்க வேண்டாம், 'தடுப்பாற்றல்' நன்றாகவே இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பொருள் வேறு, தடுப்பாற்றல் வேறு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்களும், தொற்றிய செல்களை அழிக்க உதவும் டி செல்களும் அதற்குப் பிறகும் நிற்கும். சுவாச வைரசுக்கு முதல் மடை மூக்கு. கையில் போடும் தடுப்பூசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை ஏற்றுமளவுக்கு மூக்கின் ஈரப்படலத்தில் ஏற்றாது. ஊசி போட்டவருக்கும் சளி, காய்ச்சல் வருவதும், அது நெஞ்சுக்கு இறங்குவது குறைவதும் இதனால்தான்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "கன்னு பொறந்ததும் சீம்பால் குடிச்சாகணும்னு எங்கம்மா தொழுவத்துலயே நிக்கும். அதுல இருக்கறதா?" என்றார்.

அதேதான். பசுவின் எதிர்ப்பொருள் கருவிலிருக்கும் கன்றுக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் போகிறது.


"அப்ப பாசிட்டிவ் நல்லதுதான்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.