அயோடின் சொட்டு அணுகுண்டுக்கு மருந்து இல்லை

போன வாரம் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டியைக் கூட்டிவந்தார்கள். நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டி ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை. கழுத்தில் பல வருஷமாக ஒரு கழலை (தைராய்டு சுரப்பி வீக்கம்) இருக்கிறது, அதனால் இதுவரை தொந்தரவு எதுவும் இல்லை. மகன் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாவற்றையும் மஞ்சப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். பின்னால் நின்ற மருமகள்தான், "அந்தச் சொட்டு மருந்த சொல்லுங்களேன், டாக்டரம்மா கேக்கறாங்க இல்ல" என்றார்.

ஆன்லைனில் வாங்கிய அயோடின் கரைசல். தினமும் காலையில் தண்ணீரில் சில சொட்டு. எதற்கு? 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்ததாம். அணுகுண்டு விழுந்தாலும், கல்பாக்கம் வெடித்தாலும், உடம்பில் அயோடின் ஏறியிருந்தால் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாதாம். சண்டை நின்ற பிறகும் சொட்டு நிற்கவில்லை.

இதே காரணத்துக்காக அயோடின் எடுத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அயோடின் மாத்திரை கதிர்வீச்சுக்கு மருந்து கிடையாது. அது செய்வது ஒரே ஒரு வேலை. அணு உலை விபத்தில் கதிரியக்க அயோடின் காற்றில் கலந்தால், அதை நம் தைராய்டு சுரப்பி உறிஞ்சிக்கொள்ளும். அதற்குச் சற்று முன்னால் நல்ல அயோடினை அதிக அளவில் கொடுத்துவிட்டால், காட்பாடி டவுன் பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பிவிட்ட மாதிரி, கெட்ட அயோடினுக்குத் தைராய்டில் இடம் இருக்காது. அவ்வளவுதான். உலையிலிருந்து வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்தை அது தடுக்காது. வெளியிலிருந்து உடம்பைத் துளைக்கும் காமா கதிரைத் தடுக்காது. எலும்பு மஜ்ஜையை, குடலை, நுரையீரலைக் காப்பாற்றாது. அணுகுண்டு விழுந்த இடத்தில் ஆளைக் கொல்வது வெப்பம், அதிர்வலை, காமா கதிர். இதில் எதற்கும் தைராய்டு நிறைய அயோடின் வைத்திருந்து பயனில்லை.

சரி, உலை விபத்துக்காகவாவது இப்போதே குடித்து வைக்கலாமா? கூடாது. கதிரியக்க அயோடின் வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், அல்லது வந்த பிறகு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு மணி நேரம் வரை ஓரளவு பயன் உண்டு. ஒரு நாள் தாண்டிவிட்டால் நன்மையை விடக் கெடுதலே அதிகமாகலாம். பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு, பெரும்பாலும் ஒரே ஒரு தடவை. முன்னுரிமை குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு. நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு, அதனால் அவர்கள் வரிசையில் கடைசி. எந்த வகையில் பார்த்தாலும் அந்தப் பாட்டிக்கு இது தேவையே இல்லை. பழைய கழலை உள்ளவர்களுக்கு அயோடினை அள்ளிக் கொட்டினால் சுரப்பி கட்டுப்பாடு இல்லாமல் ஹார்மோனைச் சுரந்து தள்ளும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். வயதானவர்களுக்கு அது பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். இன்னும் சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பி படுத்துவிடும்.

உப்பை அள்ளித் தின்பதும் இதே கதைதான். 2011-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் சீனாவில் கடை கடையாக அயோடின் உப்பை வாங்கிக் குவித்தார்கள். நம் ஊர்க் கடையில் விற்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு மாத்திரையில் இருப்பதோ சுமார் 100 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒரே மூச்சில் ஆறரை கிலோ உப்பு தின்ன வேண்டும். ஆள் உப்பிலேயே செத்துப்போவார். புண்ணுக்குத் தடவும் பீட்டாடினைத் தண்ணீரில் கலந்து குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது குடிக்கிற மருந்தே இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கல்பாக்கத்தைப் பற்றி. வேலூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர். அங்குள்ள 220 மெகாவாட் உலைகள் இரண்டும் இயற்கை யுரேனியத்தில் இயங்கும்படி கட்டப்பட்டவை. அதில் பிளவுபடும் யுரேனியம்-235 ஒரு சதவீதம்கூட இல்லை, குண்டுக்கு வேண்டியது 90 சதவீதம் அளவுக்கு. உலையில் விபத்து நடக்கலாம், ஆனால் ஹிரோஷிமா மாதிரி வெடிக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். 2025 மே 7 அன்று கல்பாக்கத்தில் நடந்தது நாடு முழுக்க நடந்த ஒத்திகையின் ஒரு பகுதி. அதைக் 'கசிவு' என்று ஃபார்வர்டு செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். அதே மாதம் பாகிஸ்தானின் கிரானா மலையில் கதிர்வீச்சுக் கசிவு என்று பரவியதையும் சர்வதேச அணுசக்தி முகமை மறுத்தது.

பயப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அணு ஆயுதம் வைத்திருக்கிற நாடுகள் சண்டை போடும்போது பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். செர்னோபிலும் சின்ன விஷயம் இல்லை. 1986-ல் அங்கே நடந்த அணு உலை விபத்துக்குப் பிந்தைய வருஷங்களில் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்குப் பெரிய காரணம், கதிரியக்கப் படிவு விழுந்த புல்லை மேய்ந்த மாடுகளின் பால். எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்து அந்தப் பாலை நிறுத்தியிருந்தால் நிறையப் பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள். அந்த விபத்தின்போது போலந்தில் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு கோடிக்கு மேல் அயோடின் டோஸ் கொடுத்தார்கள். அரசாங்கம் நாள் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்தது அது. ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சு நோய் வந்து உடனடியாக யாரும் சாகவில்லை. ஆனால் அவசர அவசரமாக இடம் மாற்றப்பட்ட அலைச்சலிலும், அதன் பின்விளைவுகளிலும் அந்த மாகாணத்தில் 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், படுத்த படுக்கையாக இருந்த நோயாளிகள். வேலூரில் நோயாளியோடு லாட்ஜில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். பீதியில் முதலில் நசுங்குவது அவர்கள்தான்.

அப்படி ஒரு நாள் வந்தால் செய்ய வேண்டியது எளிது. வீட்டுக்குள் போங்கள். ஓடு, கூரை வீட்டை விட கான்கிரீட் வீடு நல்லது. நடு அறை, கீழ்த்தளம். கதவு ஜன்னல் சாத்துங்கள். வெளியிலிருந்து வந்தவர் மேல்துணியைக் கழற்றிப் பையில் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். மூடி வைத்த தண்ணீர், மூடி வைத்த சாப்பாடு மட்டும். குண்டு வெடித்த பிறகு கீழே விழும் தூசியின் கதிர்வீச்சு, முதல் மணி நேரத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக ஏழு மணி நேரத்தில் குறைந்துவிடும், இரண்டு நாளில் நூறில் ஒரு பங்கு. அதனால் முதல் ஒரு நாள் உள்ளேயே இருப்பது உயிரைக் காக்கும். குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் ஹைவேயில் டிராஃபிக்கில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகையில் கட்டி, மூடி வைத்த தீவனத்தைப் போடுங்கள். கலெக்டர் அலுவலகமும் வானொலியும் சொல்வதைக் கேளுங்கள். அயோடின் மாத்திரை தேவை என்றால் அவர்களே சொல்வார்கள்.

இப்போதே அயோடின் எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? இன்றோடு நிறுத்துங்கள். நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத எடை குறைவு, கை நடுக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வரும்போது பாட்டிலையும் கொண்டுவாருங்கள். தைராய்டு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அயோடின் வடிந்து போகும் வரை, சில வாரங்களோ மாதங்களோ, அந்த ஸ்கேனும் அதை நம்பிச் செய்யும் சிகிச்சையும் சரிவராது. பாட்டிக்கு இப்போது அதுதான் நிலைமை. கர்ப்பமாக இருந்தபோது குடித்திருந்தால் மறைக்காதீர்கள் அம்மா, யாரும் திட்ட மாட்டோம். குழந்தை பிறந்ததும் அதற்கு டிஎஸ்எச் (தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.