சிக்னல் ஃபுல், பக்கம் திறக்கவில்லை: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

வளாகம் முழுக்க வைஃபை போட்டாயிற்று, ஸ்மார்ட் போர்டு மாட்டியாயிற்று, வருகைப்பதிவும் ஆப்பில் ஏறியாயிற்று. ஆனால் ஆன்லைன் தேர்வு தொடங்கிய பத்தாவது நிமிடம் பாதி வகுப்புக்குப் பக்கம் திறக்காது. உடனே நிர்வாகக் குழு கூடி, "100 எம்பிபிஎஸ் போதவில்லை, 1 ஜிபிபிஎஸ் வாங்குவோம்" என்று தீர்மானம் போடும். (எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு, 1 ஜிபிபிஎஸ் என்றால் 1000 எம்பிபிஎஸ்.) புது லைன் வரும். அடுத்த தேர்விலும் அதே பத்தாவது நிமிடம், அதே சுழலும் வட்டம். இப்போது "2 ஜிபிபிஎஸ்ஸுக்குக் கொட்டேஷன் கொடுங்கள்" என்கிறார்கள். ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்.

வாங்கும் எம்பிபிஎஸ், வெளி இணையத்துக்கும் வளாகத்துக்கும் நடுவில் காவல் நிற்கும் உங்கள் ஃபயர்வால் வரைக்கும்தான் வருகிறது. அங்கிருந்து கடைசி பெஞ்சு மாணவரின் கைபேசிக்குப் போக பைபர் (கண்ணாடி இழை), சுவிட்ச் (இணைப்பைப் பல கேபிளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கேபிள், ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி), காற்று என்று ஐந்து கட்டம் இருக்கிறது. மாடித் தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அடைத்த குழாயில் தண்ணீர் வராது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கையெழுத்து மட்டும் புது லைனுக்கான கோப்பில்தான் விழும்.

அளக்காமல் வாங்காதீர்கள். அளப்பது அரை நாள் வேலை. ஒரு லேப்டாப்பை ஃபயர்வாலுக்குப் பின்னால் கேபிளில் நேரடியாகச் செருகி வேகம் பாருங்கள். பிறகு துறைக் கட்டடத்தின் சுவிட்சில் செருகிப் பாருங்கள். அடுத்து ஆக்சஸ் பாயின்டுக்கு நேர் கீழே நின்று வைஃபையில், கடைசியாக அறையின் மூலையில். எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. கூடவே ஃபயர்வாலில் பேண்ட்வித் வரைபடத்தை எடுங்கள். 1 ஜிபிபிஎஸ் லைனில் உச்ச நேரத்திலேயே 300 எம்பிபிஎஸ்தான் ஓடுகிறதென்றால், இன்னொரு 1 ஜிபிபிஎஸ் வாங்கி யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? (வரைபடம் ஐந்து நிமிடச் சராசரியாக இருந்தால் திடீர் ஏற்றங்கள் அதில் மறைந்துவிடும், தேர்வு நடக்கும்போது நேரலையாகப் பாருங்கள்.)

இப்படி அளந்தால் அடிக்கடி மாட்டுவது கேபிள்தான். 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். எலி கடித்தோ, முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் சரியாக உட்காராமலோ ஒரு ஜோடி போய்விட்டால் இணைப்பு அறுந்துவிடாது, பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். போர்ட்டில் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு மாடி முழுக்க அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது என்பது சுவிட்சுக்குள் நுழைந்து போர்ட் வேகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பார்ப்பவர் யாருமில்லை.

கேபிளின் தரத்தையும் பாருங்கள். வாங்கியவுடன் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதன் மின்தடை அதிகம். அதே கம்பியில் மின்சாரமும் அனுப்பி ஆக்சஸ் பாயின்டையோ கேமராவையோ ஓட்டினால் சூடாகும், மின்னழுத்தம் குறையும், கருவி காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். "சுத்தச் செம்பு" என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். சுவிட்சிலிருந்து கருவி வரை, இரு முனையிலும் செருகும் குட்டிக் கேபிளான பேட்ச் கார்டும் சேர்த்து, 100 மீட்டர்தான் எல்லை. 130 மீட்டர் இழுத்துவிட்டு "வேலை செய்கிறதே" என்பவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்பு இழுக்கவே இழுக்காதீர்கள். ஒரு இடி போதும், இரண்டு முனையிலும் சுவிட்ச் போகும். சிங்கிள் மோடு பைபர் போடுங்கள். குழி தோண்டும் செலவுதான் பெரிது என்பதால் 12 கோருக்கு (இழைக்கு) குறையாமல் போடுங்கள்.

அடுத்தது காற்று. ஆக்சஸ் பாயின்டை வராந்தாவில் வரிசையாக மாட்டுவது ஏனோ எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வராந்தாவில் அவை ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும். மாணவருக்கும் அவற்றுக்கும் நடுவில் சுவர் நிற்கும். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (தடங்கள்) 1, 6, 11 என மூன்றே மூன்று. நான்காவது கருவி வந்ததும் யாரோ ஒருவரோடு சேனலைப் பங்கு போட்டாக வேண்டும். அப்போது ஒன்று பேசினால் மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். 60 பேர் உட்காரும் அறைக்கு ஆக்சஸ் பாயின்ட் அறைக்குள்ளேயே இருக்கட்டும். 60 பேர் என்றால் கைபேசி, லேப்டாப் சேர்த்து 120 என்று கணக்குப் போடுங்கள். டேட்டா ஷீட்டில் எத்தனை இணைப்பு தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது சும்மா இணைந்திருக்கும் எண்ணிக்கை, வேலை செய்யும் எண்ணிக்கை வேறு.

பவரை முழுதாக ஏற்றிவைப்பது இன்னொரு வியாதி. ஆக்சஸ் பாயின்ட் உரக்கக் கத்துவதால் கைபேசியில் கோடு ஃபுல்லாகத் தெரியும். ஆனால் கைபேசியின் குரல் மெலிது, அது அங்கே போய்ச் சேராது. தூரத்து ஆக்சஸ் பாயின்டையே பிடித்துக்கொண்டு தொங்கும் அந்த ஒரு கைபேசி மொத்த அறையையும் கெடுக்கும். 1 எம்பி (8 மெகாபிட்) கோப்பை 200 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 0.04 விநாடி போதும். 6 எம்பிபிஎஸ்ஸில் 1.3 விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அந்தச் சேனலில் இருக்கும் மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். பவரைக் குறையுங்கள். 2.4இல் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய மெதுவான வேகங்களை அணைத்துவிடுங்கள். ஆய்வகத்தில் பழைய கருவி ஏதாவது அவற்றை நம்பி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேனலுக்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டாம், நான்கு சேனலை ஒன்றே விழுங்கிவிடும். நெரிசலான இடத்தில் 20 போதும். துறைக்கு ஒரு வைஃபை பெயர் வைக்கும் ஆசையையும் விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் விநாடிக்குச் சுமார் 10 முறை அறிவிப்பு அனுப்பும், அதுவும் அனுமதித்த வேகங்களில் அடிமட்டமானதில். மூன்று பெயர் தாராளம்.

பத்தாவது நிமிடக் கோளாறுக்குப் பெரும்பாலும் இன்னொரு காரணம் உண்டு: ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் எண், தீர்ந்துபோவது. வழக்கமான /24 நெட்வொர்க்கில் (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் குறி அது) 254 முகவரிதான். காலையில் வந்துபோன கைபேசிகள் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும், ஏனென்றால் ஒரு முகவரியை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்ற டிஎச்சிபி லீஸை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸ் சர்வரில் அது தானாகவே 8 நாள். இரண்டு மணி நேரமாக்குங்கள். வைஃபைக்கு /21 கொடுங்கள், 2046 முகவரி கிடைக்கும்.

மாணவர் கைபேசியின் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, படிவத்தில் எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. அந்தப் பதிவேட்டை மூடிவிட்டு, ஆளுக்கொரு பயனர் பெயர், கடவுச்சொல் என 802.1எக்ஸ் முறைக்கு மாறுங்கள். இது கல்லூரியின் வைஃபைதானா என்று கைபேசி பார்க்கும் சான்றிதழ் சரிபார்ப்பை மட்டும் அணைக்கச் சொல்லாதீர்கள். போலி வைஃபை வைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்க அதுதான் வாசல்.

விடுதியில் மாணவர் கொண்டுவரும் வீட்டு ரவுட்டரின் லேன் போர்ட்டைச் சுவர் சாக்கெட்டில் செருகினால், அது தன்னிஷ்டத்துக்கு ஐபி கொடுக்க ஆரம்பித்து மாடி முழுக்க நெட் போகும். மாணவரைத் திட்டிப் பயனில்லை. டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை (அனுமதியில்லாத கருவி ஐபி கொடுப்பதைத் தடுப்பது), பிபிடியூ கார்டை (வேறு சுவிட்சைச் செருகினால் அந்தப் போர்ட்டை மூடுவது) ஆன் செய்யுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சுவிட்சிலேயே பெரும்பாலும் இருக்கும்.

மின்சாரக் கணக்கை யாரும் போடுவதில்லை. கேபிள் வழியே மின்சாரமும் தரும் 24 போர்ட் சுவிட்சில் 370 வாட் என்றிருந்தால், எல்லாப் போர்ட்டும் சேர்ந்து இழுக்கும்போது போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம்தான் கிடைக்கும். 25 வாட் கேட்கும் புதிய ஆக்சஸ் பாயின்டுகள் 14க்கு மேல் ஓடாது. மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக எழும்போது மிச்சம் எழாமலே கிடக்கும். சுவிட்ச் இருக்கும் ரேக்குக்கு யுபிஎஸ் வையுங்கள், ஆனால் மாடிப்படிக்குக் கீழே பூட்டிய கொதிக்கும் பெட்டியில் வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேமரா: 4 எம்பிபிஎஸ்ஸில் ஓடும் ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 43 ஜிபி, 100 கேமராவுக்கு 30 நாளில் 130 டிபி. டிஸ்க் வாங்கும் முன் இதைப் பெருக்கிப் பாருங்கள். கேமராக்களைத் தனி விலேனில் (பிரித்துவைத்த நெட்வொர்க்கில்) வைத்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் வைரஸ் அந்தக் கடவுச்சொற்களை வைத்துத்தான் உலகம் முழுக்கக் கேமராக்களைப் பிடித்தது. அடையாள அட்டைக்கு மைஃபேர் கிளாசிக் சிப் வேண்டாம், அதன் பூட்டு 2008லேயே உடைந்துவிட்டது.

கடைசியாக ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணை கொடுப்பதற்கு முன்னால் எல்லா சுவிட்ச், ஃபயர்வால், வைஃபை கன்ட்ரோலரின் அட்மின் கடவுச்சொற்களையும், கான்ஃபிக் (அமைப்புகளின்) பேக்கப்பையும், எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டுக்குப் போகிறது என்ற வரைபடத்தையும் கையில் வாங்குங்கள். வாங்கியதோடு விடாமல், அவர் எதிரிலேயே ஒவ்வொன்றிலும் உங்கள் ஆள் ஒருவர் உள்ளே நுழைந்து பார்க்கட்டும். அதன் பிறகு காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.