டிஃப் லாக்: அச்சைப் பூட்டும் கருவி

டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ பழைய பக்கி விற்கும் விளம்பரங்களில் 'பின் டிஃப் லாக் உண்டு' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். (பக்கி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம். பிக்கப் வண்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் அதுதான் பெயர்.) கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்தால் பெரும்பாலும் டிஃப் லாக் என்பார்கள், பிறகு கடையில் வாங்கிப் போட்டால் லாக்கர் என்பார்கள். வேலை ஒன்றுதான். நமக்கோ லாக்கர் என்றால் பேங்கில் நகை வைக்கும் பெட்டி. ஆகவே அந்தச் சொல்லை அப்படியே இழுத்துக்கொண்டு வருவதில் பயனில்லை.

முதலில் டிஃப். முழுப்பெயர் டிஃபரன்ஷியல், அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்து அனுப்பும் பற்சக்கரப் பெட்டி. வேர் லத்தீன் 'டிஃபெர்ரே': தனித்தனியே கொண்டுபோதல், வேறுபடுதல். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவதால் அந்தப் பெயர். பிரான்சின் கடிகாரக் கைவினைஞர் ஒனெசிஃபோர் பெக்கோர் 1827இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆஃப்ரிகான்ஸ் மொழிக்காரர்கள் அதே பெட்டியை 'இவெனார்' என்கிறார்கள், அதாவது சமன் செய்வது. பூமியின் நடுக்கோட்டுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். ஒரு மொழி வேறுபாட்டைப் பார்த்துப் பெயர் வைத்தது, மற்றது சமத்தைப் பார்த்து. இரண்டும் சரி: வேகம் வேறுபடும், முறுக்கு விசை இரு பக்கமும் சமம்.

அந்தச் சமம்தான் காட்டுப்பாதையில் காலை வாருகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசை ஏறக்குறைய தேவையே இல்லை. மறுபக்கம் கெட்டிப் பாறையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் போகும். தொங்கும் சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'வகையீடு' கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. அதை கியர் பெட்டிக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும். பல்லிணை என்ற சொல் கியருக்கு ஊன்றிவிட்டதால் டிஃபரன்ஷியலை வேறுபாட்டுப் பல்லிணை எனலாம். நீளம்தான், பேச்சில் டிஃப் என்றே இருக்கட்டும். லாக் என்பதற்குப் 'பூட்டு' வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. கதவைப் பூட்டுவது ஒரு பொருள். ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது இன்னொன்று: இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் சேர்த்து ஒன்றாக நடக்க வைப்பது. டிஃப் லாக் செய்வதும் அதையேதான், இடவலச் சக்கரங்களை ஒரே வேகத்தில் நடக்க வைக்கிறது. ஆகவே அச்சுப் பூட்டு. பின்னால் இருந்தால் பின்பூட்டு, முன்னால் முன்பூட்டு. எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் வண்டிகளில் நடுவில் உள்ளது நடுப்பூட்டு. நடுப்பூட்டை மட்டும் போட்டுவிட்டு 'லாக் போட்டும் சுற்றுகிறதே' என்று புலம்புவது சகஜம். அது முன் அச்சையும் பின் அச்சையும் சேர்க்கும், ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களைச் சேர்க்காது.

அச்சு என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆங்கில ஆக்சில், லத்தீன் ஆக்சிஸ், வடமொழி அக்ஷ எல்லாம் ஒரே குடும்பம், நம் அச்சையும் அதோடு சேர்ப்பது வழக்கம். மாட்டுவண்டிக்காரர்களிடம் 'இருசு' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அச்சாணி வேறு. அது சக்கரம் கழன்று போகாமல் அச்சின் நுனியில் செருகும் ஆணி. ஆக்சிலை அச்சாணி என்று எழுதுவது தவறு. மோட்டார் வண்டியில் வெளியே தெரியும் இரும்புக் கூடு அச்சுக்கூடு. உள்ளே டிஃபிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு, இங்கே சைட் ஷாஃப்ட் என்பது, அரையச்சு.

அரையச்சு உடையும் காரணம் பூட்டோடு சேர்ந்தே வருகிறது. பூட்டில்லாத டிஃபில் ஒரு பக்கத்துக்குப் பாதி விசைக்கு மேல் போகாது. பூட்டினால் பிடிப்புள்ள ஒரே பக்கத்துக்கு முழு விசையும் போகலாம். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறள் (475) பாரத்தைப் பற்றியது. இங்கே பாரம் ஏற்றாமலே அச்சு இறும். அதனால் வாங்கும் வரிசை இப்படி: முதலில் அச்சின் தாங்குதிறன், பிறகு டயர் அளவு, கடைசியில் பூட்டு. பலர் தலைகீழாகப் போகிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பின்னால் அரைமிதப்பு அச்சு. அரையச்சே வண்டியின் எடையையும் தாங்கி, சக்கரத்தையும் சுழற்றுகிறது. லேண்ட் க்ரூஸர் 70 வரிசையின் கனரகப் பின் அச்சு முழுமிதப்பு: எடையை ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) தாங்கும், அரையச்சு சுழற்ற மட்டும். அது முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. வலுவான அரையச்சு வேண்டுமென்றால் 4340 குரோமோலி எஃகில் செய்தது கிடைக்கும். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்கள் மேடுபள்ளத்துக்கு அஞ்சி வண்டியின் கீழ் 'சேம அச்சு' கட்டிக்கொண்டு போகிறார்கள். ஸ்பேர் ஆக்சிலுக்கு இதைவிட நல்ல சொல் இனிமேல் உண்டாக்க முடியாது. தூரப் பயணத்துக்கு ஒரு சேம அரையச்சும் அதன் எண்ணெய் சீலும் கட்டாயம்.

இனி எந்தப் பூட்டு. காற்றால் இயங்குவது (ஏஆர்பி வகை), மின்காந்தத்தால் இயங்குவது (ஈட்டன், ஹாரப் வகை) இரண்டும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் பூட்டும். தார் ரோட்டில் சாதாரண டிஃப்தான். தானியங்கிப் பூட்டுகள் (டெட்ராய்ட், லஞ்ச்பாக்ஸ் வகை) எப்போதும் பூட்டியே இருந்து வளைவில் மட்டும் ஒரு பக்கத்தை விடுவிக்கும். லஞ்ச்பாக்ஸ் வகை மலிவு. பழைய டிஃப் கூட்டுக்குள்ளேயே உட்காருவதால் கியர் அமைப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் வளைவில் டக்டக்கென்ற சத்தம் வரும், டயர் தேயும், டர்பன் மழையில் நனைந்த இறக்க ரோட்டில் பின்பக்கம் நழுவும். எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப்) என்பது பூட்டு அல்ல. அது நழுவலைக் குறைக்கும், சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பெரும்பாலானவை கைவிடும். ஸ்பூல் என்பது நிரந்தரப் பிணைப்பு, பந்தய வண்டிக்கு மட்டும். தினமும் ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பொத்தான் வகைதான் சரி, விலை கூட என்றாலும்.

முன்னா பின்னா? பின் முதலில். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, பிடிப்பும் அங்கேதான். முன்பூட்டு போட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் போவது சிவி ஜாயின்ட், அதாவது திரும்பும் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மூட்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி பாஸ் என்ற மலைப்பாதையின் உச்சி 2,876 மீட்டர், 4x4 வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. அங்கே கொண்டை ஊசி வளைவுகளில் பூட்டு போட்டிருந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். நேரான கரடுமுரட்டில் போடுங்கள், வளைவுக்கு முன் எடுத்துவிடுங்கள். இறங்கும்போது லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் நிலை) முதல் கியர் போதும்.

டயர் பெரிதாக்கினால் பல்லிணை விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, டிஃபுக்கு வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) மாற வேண்டும். 265/65R17 டயரின் உயரம் சுமார் 30.6 அங்குலம், 285/75R16 சுமார் 32.8. விகிதம் 3.91 என்றால் 3.91 × 32.8 ÷ 30.6 = 4.19. கிடைப்பவை 4.10, 4.30. பாரம் இழுப்பவர்கள் 4.30 எடுப்பது நல்லது. சானி உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜின் அங்கே திணறும். முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும், மாறினால் முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி போகும். பூட்டு ஆர்டர் செய்யும்போது விகிதத்தோடு அரையச்சின் ஸ்ப்ளைன் (தண்டின் நுனியில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கையையும் சொல்லுங்கள். டொயோட்டா 8 அங்குல டிஃபுக்கு 30. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் 10, பிந்தையதில் 24.

பொருத்துவதில் தவறும் இடங்கள் சில உண்டு. பேரிங் மூடிகளை இடம், வலம் என்று குறியிட்டுக் கழற்ற வேண்டும், மாற்றிப் போட்டால் பேரிங் நேராக உட்காராது. கிரவுன் வீலுக்கும் (டிஃபின் பெரிய பற்சக்கரம்) பினியனுக்கும் (அதைச் சுழற்றும் சிறியது) இடையிலான பல்லிடைவெளியை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பல டொயோட்டா டிஃப்களில் 0.13 முதல் 0.18 மி.மீ. குறைந்தால் சூடேறி ஊளையிடும், கூடினால் கியர் மாற்றும்போது இடிக்கும். பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவிச் சுழற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். காற்றுப் பூட்டுக்கு சுமார் 6–7 பார் அழுத்தம் போதும். சொலினாய்டிலிருந்து (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வு) எண்ணெய் கசிந்தால் ஓ-ரிங் போயிருக்கும், அல்லது அச்சின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும். அந்தக் குழாயை மேலே நீட்டிக் கட்டுங்கள். சூடான அச்சு ஆற்று நீரில் இறங்கியதும் தண்ணீரை உறிஞ்சி எண்ணெயைப் பால் நிறமாக்கிவிடும். புது பற்சக்கரங்களை முதலில் 20 நிமிடம் மிதமாக ஓட்டி ஆறவிடுங்கள். 800 கி.மீ. ஆனதும் ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் மெல்லிய சாம்பல் துகள் வந்தால் கவலை வேண்டாம், நகக்கண் அளவு சில்லு வந்தால் உடனே கழற்றிப் பாருங்கள்.