முதல் கோர்ட்டை விட்டுவிட்டால் ஹைகோர்ட்டில் பிடிக்க முடியாது

"இங்க தோத்தா என்ன சார், ஹைகோர்ட்ல பாத்துக்கலாம்." சொத்து வழக்குகளை நடத்தும் வக்கீலாக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்த நம்பிக்கையால் நல்ல வழக்குகளே கெட்டுப்போகின்றன.

தமிழ்நாட்டில் சொத்தின் மதிப்பைப் பொறுத்து சிவில் வழக்கு முன்சீப் கோர்ட்டிலோ, சப் கோர்ட்டிலோ, மாவட்ட நீதிமன்றத்திலோ தொடங்கும். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் சப் கோர்ட்டில் முதல் மேல்முறையீடு செய்யலாம். அடுத்தது உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு. தென்மாவட்டக்காரர்களுக்கு 2004 முதல் அது மதுரைக் கிளை. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

ஆனால் சாட்சி கூண்டில் ஏறுவதும், குறுக்கு விசாரணை நடப்பதும், பத்திரங்கள் சான்றாவணமாவதும் முதல் கோர்ட்டில்தான். முதல் மேல்முறையீட்டில் அதே சாட்சியத்தைத்தான் மறுபடி அலசுவார்கள். விட்டுப்போன பத்திரத்தை அங்கே சேர்க்க வேண்டுமென்றால், முன்பே ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு வலுவான காரணம் வேண்டும். இரண்டாவது மேல்முறையீட்டிலோ, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் வழக்கையே எடுப்பார்கள். நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்ற கேள்விக்கெல்லாம் பெரும்பாலும் கீழேயே விடை எழுதி முடித்திருப்பார்கள். உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தால்தான் அங்கே கதவு திறக்கும்.

அதனால் சம்மன் வந்தால் தயவுசெய்து வாங்குங்கள். வாங்க மறுத்தாலும் உங்களுக்குக் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய 30 நாள். நீட்டித்தால் 90 வரை. நீங்கள் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானால், அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் அன்றே அதன் நகல் கேட்டு மனு போடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராகக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாட்களைக் கழித்துவிடுவார்கள். மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் அந்த நகலிலேயே இருக்கும், பாருங்கள். தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்கள் உங்கள் கணக்கில்தான் சேரும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமலே 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். சம்மன் கைக்கு வந்த வாரமே போய்விடுங்கள்.