பிள்ளை பிடிபடுவதற்கு முன்பே போகலாம்: படிக்கும் மாணவருக்கான போதைச் சிகிச்சை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில், போலிடெக்னிக்கிலோ யூனிவர்சிட்டியிலோ படிக்கும் மகன் ஷாபு (மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) எடுக்கிறான் என்று தெரிந்தால் பெற்றோர் முதலில் கேட்பது, "போலீஸ் பிடிச்சிடுமா?" என்றுதான். அந்தப் பயத்திலேயே சிலர் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கயிறு கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்குள் ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

1983-ஆம் ஆண்டின் போதைப் பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி, போதைக்கு ஆளானவர் தானே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டிய இடம் ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) மாவட்ட அலுவலகம்; சுங்கை சிப்புட் கோலக்கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மைகார்டை (அடையாள அட்டையை) எடுத்துப் போங்கள். தங்கிப் பெறும் சிகிச்சையா, வந்து போகும் சிகிச்சையா, எத்தனை மாதம் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். படிப்பைப் பற்றிய முடிவெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

பிடிபட்ட பிறகு கதை வேறு. போதைப்பொருள் உட்கொண்டதற்கு 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டம், 15(1)(ஏ) பிரிவில் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை உண்டு.

ஹெரோயினுக்கு 2005 முதல் அரசு கிளினிக்குகளில் மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுக்கிறார்கள். ஷாபுவுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும்தான். சாராயம், சம்சு இந்தச் சட்டத்தில் வராது. அதற்கு கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்கில்) 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்க வேண்டும். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

பலர் கோட்டைவிடுவது கல்லூரிப் பக்கம்தான். பையன் சொல்லாமல் வகுப்பை நிறுத்தினால் அவனைப் கல்லூரி பதிவிலிருந்து நீக்கிவிடக்கூடும். பிடிபிடிஎன் (அரசின் உயர்கல்விக் கடன் நிதி) கடனும் சிக்கலாகும். தங்கிச் சிகிச்சை பெறுவதென்றால் முதலில் மாணவர் விவகாரப் பிரிவில் படிப்பை ஒத்திவைக்க எழுத்தில் விண்ணப்பியுங்கள், பிடிபிடிஎன்னுக்கும் தெரிவியுங்கள். மருத்துவக் கடிதத்தில் சிகிச்சைக் காலத்தை மட்டும் குறிப்பிட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஊர் வாய்க்கு அவல் கொடுக்க வேண்டாமே.

திரும்பிப் போவதுதான் கடினம். அதே ஹாஸ்டல், அதே அறை, அதே கூட்டாளிகள். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் மீண்டு வரும் மாணவருக்கென்று 1988-லேயே தனி விடுதி திறந்தது. இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்: வேறு அறை, கல்லூரிக் கவுன்சலரிடம் வாரந்தோறும் நேரம், கிளினிக் நாளில் இடிக்காத வகுப்பு அட்டவணை. மெத்தடோன் எடுப்பவர் ஆரம்பத்தில் தினமும் கிளினிக் போக வேண்டியிருக்கும். அதனால் கேம்பஸ் அருகிலுள்ள கிளினிக்குக்கு மாற்றிவிடும் கடிதத்தை, பையன் பஸ் ஏறுவதற்கு முன்பே ஊர் கிளினிக்கில் கேட்டு வாங்கிவிடுங்கள்.